பர்லியார் வளைவில் மோதிய வேன்: ஆஸ்பத்திரிப் பதிவில் வேனே இல்லை, என்ன செய்வது?

கேத்தி மல்லிகை
திங்கள், இரவு 9.40

வணக்கம். இதுவரை இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது உங்கள் உதவி தேவைப்படுகிறது.

என் அண்ணனுக்கு 38 வயது. சொந்த வண்டியில் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார். பன்னிரண்டு நாளுக்கு முன் மேட்டுப்பாளையத்தில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு, மாலையில் காலி வண்டியாகக் குன்னூர் மலைப்பாதையில் மேலே ஏறிக்கொண்டிருந்தார். நல்ல மழை. பர்லியார் தாண்டி ஒரு வளைவில், மேலேயிருந்து இறங்கிய சுற்றுலா வேன் அதன் பக்கத்தை விட்டு இவர் பக்கம் வந்து டிரைவர் சீட் ஓரமாக அடித்துவிட்டது. அடித்த அடியில் கார் நகர்ந்து தடுப்புச் சுவரில் முட்டி நின்றது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் உடைந்துவிட்டது. கோவையில் ராடு வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள்.

பின்னால் காரில் வந்த யாரோ ஒரு புண்ணியவான்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். அவர் மோதலைப் பார்க்கவில்லை. சுவரில் முட்டி நின்ற காரைத்தான் பார்த்திருக்கிறார். அதையே டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். இன்று ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல், கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் ஒரே வரி: கார் சாலையோரச் சுவரில் மோதிக் காயம் என்று கூறப்படுகிறது. வேன் என்ற சொல்லே அதில் இல்லை.

நாங்கள் எல்லோரும் கோவையில் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இருந்ததால் போலீசில் யாரும் புகார் எழுதிக் கொடுக்கவில்லை. அது எங்கள் தப்பு. நேற்று வேன் ஓனர் தரப்பில் ஒருவர் வந்தார். ஒன்றரை லட்சம் தருகிறோம், எந்தப் புகாரும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார். அடுத்த வாரம் கார் லோன் தவணை. அம்மா வாங்கிக்கொள்ளலாம் என்கிறார். அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார், ஒன்றும் பேசுவதில்லை.

என்ன செய்வது?

---

மலைப்பாதை டிரைவர்
திங்கள், இரவு 10.15

தங்கச்சி, முதலில் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நான் 22 வருடமாக இந்த ரோட்டில் ஓட்டுகிறேன்.

மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. பழக்கத்துக்காகச் சொல்லவில்லை, 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலேயே இருக்கிறது. இறங்குகிறவன்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். வெளியூர் வேன்கள் டாப் கியரில் இறங்கிக்கொண்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். மரப்பாலம் வருவதற்குள் லைனர் எரிந்த வாடை நமக்கே அடிக்கும். அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது.

நாளைக்கே ஒரு ஆளை பர்லியாருக்கு அனுப்புங்கள். பழக்கடைகளில் சிலர் கேமரா வைத்திருக்கிறார்கள். அந்த வேன் அப்படியே இறங்கிப் போயிருந்தால் பதிவாகியிருக்கும். சில நாளில் பழையதன் மேல் புதியது பதிந்து அழிந்துவிடும், பன்னிரண்டு நாளே அதிகம். அன்று அங்கே கடை போட்டிருந்தவர்கள் யாராவது சத்தம் கேட்டு மேலே ஓடிப்போனார்களா என்றும் விசாரியுங்கள்.

அண்ணனிடம் ஒன்று கேளுங்கள்: வேன் நம்பர் நினைவிருக்கிறதா?

---

கேத்தி மல்லிகை
திங்கள், இரவு 10.32

நம்பர் இருக்கிறது அண்ணா. பின்னால் வந்த இன்னொரு டாக்ஸிக்காரர் மொபைலில் படம் எடுத்திருக்கிறார். வேனின் முன்பக்கம் நசுங்கி நடுரோட்டைத் தாண்டி நிற்பது தெரிகிறது. கர்நாடகப் பதிவு.

---

ஓய்வுபெற்ற குமாஸ்தா
செவ்வாய், காலை 6.50

அம்மா, மோட்டார் வாகன விபத்து வழக்குக் கட்டுகளோடு பல வருடம் கழித்தவன் நான். அந்தப் படம் உங்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து. அதை எடுத்தவரின் மொபைலிலிருந்து அழிக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். பிறருக்கு அனுப்பிய நகலைவிட எடுத்த கருவியில் இருப்பதற்குத்தான் மதிப்பு.

ஏ.ஆர். காப்பிக்கு வருவோம். அந்தப் பதிவேட்டை இனி அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். எந்த டாக்டரும் செய்ய மாட்டார், செய்தால் அதுவே உங்களுக்கு எதிராகப் போகும். அதில் "கூறப்படுகிறது" என்று இருக்கிறது பாருங்கள். யார் கூறினார்? கொண்டுவந்தவர். மோதலைப் பார்க்காதவர். காயம்பட்டவர் சொன்னதாக அதில் இல்லை. எனவே அதற்கு மேலான சாட்சியத்தை நாம் உருவாக்க வேண்டும். உருவாக்குவது என்றால் பொய்யாக அல்ல, நடந்ததை ஏட்டில் ஏற்றுவது.

இன்றே அண்ணனின் வாக்குமூலத்தைப் புகாராக எழுதுங்கள். அவரே கையெழுத்திட வேண்டும். தாமதம் ஏன் என்று ஒரு வாக்கியம்: இன்ன தேதியில் அறுவை சிகிச்சை, இன்ன தேதி வரை தீவிர சிகிச்சை. காரணம் சொல்லப்பட்ட தாமதம் வழக்கைக் கொல்லாது. சொல்லாமல் விட்ட தாமதத்தைத்தான் இன்சூரன்ஸ் வக்கீல் பிடித்துத் தொங்குவார்.

எஃப்.ஐ.ஆர். 2024 ஜூலை 1க்குப் பிறகு பாரதிய நியாய சன்ஹிதாவில்தான் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பதிவாகும். கண்மூடித்தனமாக ஓட்டியதற்கு 281ஆம் பிரிவு, கொடுங்காயத்துக்கு 125(பி), சாதாரணக் காயத்துக்கு 125(ஏ). எலும்பு முறிவு கொடுங்காயம்தான். 125(ஏ) மட்டும் போட்டிருந்தால் காயச் சான்றிதழைக் காட்டி மாற்றக் கேளுங்கள்.

அப்புறம் மகஜரும் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு) வரைபடமும். சம்பவ இடத்துக்கு அதிகாரி போகும்போது அந்த டாக்ஸிக்காரரும் கூட இருக்கட்டும். ரோட்டின் அகலம், எந்த ஓரத்திலிருந்து எத்தனை அடியில் மோதல் நடந்தது, கண்ணாடித் தூள் எங்கே கிடந்தது. இத்தனை நாள் கழிந்தும் மழை கழுவிய பிறகும் சுவரில் பெயின்ட் உரசல் இருக்கும். நான் பார்த்த ஒரு வழக்கில், ரோட்டின் நடுவிலிருந்து மூன்று அடி உள்ளே என்று வரைபடத்தில் இருந்த ஒரு அளவு, எட்டு சாட்சி சொல்லாததைச் சொல்லிவிட்டது.

---

கோத்தகிரி வக்கீல்
செவ்வாய், மதியம் 1.20

குமாஸ்தா ஐயா சொன்னதற்கு மேல் சில.

மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையை விட்டுவிடாதீர்கள். வேனை விடுவிக்கும் முன் ஆய்வாளர் பிரேக் பார்த்தாரா, என்ன எழுதினார் என்பது முக்கியம். "பிரேக் ஃபெயிலியர், டிரைவர் மேல் தப்பில்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும். வண்டியைச் சரியாகப் பராமரித்தோம், திடீரென்று போனது என்று நிரூபிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு.

2022 ஏப்ரல் 1 முதல் போலீசுக்கே ஒரு கடமை உண்டு. விபத்துத் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை, 50 நாளுக்குள் இடைக்கால அறிக்கை, 90 நாளுக்குள் விரிவான அறிக்கை, இழப்பீட்டை முடிவு செய்யும் விபத்துத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். உங்கள் புகார் பதிவானதும் இவற்றின் நகலை எழுத்தில் கேளுங்கள்.

வழக்கு போடக் கர்நாடகம் போக வேண்டியதில்லை. விபத்து நடந்த இடம், பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம், எதிலும் போடலாம். உங்களுக்கு ஊட்டிதான் வசதி.

இழப்பீட்டு மனு போடக் கெடு: மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவுப்படி விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். அந்தக் கெடு செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் வழக்காக இருக்கிறது. அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

இன்சூரன்ஸ் அதிகாரியே நேரில் வந்து 164ஆம் பிரிவில் இரண்டரை லட்சம் தருகிறோம் என்றும் சொல்லக்கூடும். யார் தப்பு என்று பார்க்காமல் கொடுங்காயத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் தொகை அது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் உங்கள் 166ஆம் பிரிவு இழப்பீட்டு மனு அத்தோடு காலாவதியாகிவிடும். இதை அவர்கள் மெதுவான குரலில் சொல்வார்கள், அல்லது சொல்லவே மாட்டார்கள்.

---

கொடை பேரிக்காய்
செவ்வாய், இரவு 8.05

எல்லோரும் வழக்கு வழக்கு என்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் அப்பாவுக்குப் பெருமாள்மலை அருகே இடுப்பு எலும்பு முறிந்தது. வழக்கு ஐந்து வருடம் போனது. திண்டுக்கல்லுக்கு எத்தனை முறை மலை இறங்கி ஏறினோம் என்று கணக்கில்லை. கடைசியில் லோக் அதாலத்தில், அதாவது சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில், முடித்துக்கொண்டோம். கேட்டதில் முக்கால் பங்குதான். ஆனால் அந்தப் பணம் அப்பா கண்ணால் பார்த்த பணம். தீர்ப்பு வந்து, மேல்முறையீடு போய், வட்டியோடு நிறைய வந்திருக்கும் என்பார்கள். அதற்குள் அப்பா இருந்திருக்க மாட்டார்.

சமரசமே தப்பு என்று அந்தப் பெண்ணைப் பயமுறுத்த வேண்டாம்.

---

கோத்தகிரி வக்கீல்
செவ்வாய், இரவு 8.48

நீங்கள் செய்தது சரியான சமரசம். நான் எதிர்ப்பது வேறு. மனு போட்டு, ஆவணம் எல்லாம் சேர்ந்து, ஊனம் எவ்வளவு என்று தெரிந்த பிறகு லோக் அதாலத்தில் உட்கார்ந்து பேசுவது ஒன்று. காயம் ஆறும் முன்பே ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாங்கும் கையெழுத்து வேறு. லோக் அதாலத் உத்தரவின் மேல் மேல்முறையீடு கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு உட்காருங்கள், போதும்.

ஒன்றரை லட்சம் எவ்வளவு குறைவு என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அண்ணனுக்கு மாத வருமானம் 20,000 என்று வைப்போம். 40 வயதுக்குள் சொந்தத் தொழில் செய்பவருக்கு எதிர்கால வளர்ச்சிக்கு 40 சதவீதம் கூட்டுவார்கள், 2017 பிரணய் சேத்தி தீர்ப்பின் வழியில். 28,000 ஆகிறது. வருடத்துக்கு 3,36,000. 36 முதல் 40 வயது வரை பெருக்கல் எண் 15, 2009 சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி. 50,40,000 ஆயிற்று. இதில் வருமான இழப்பு எத்தனை சதவீதம் என்பதுதான் கேள்வி. 40 என்றால் 20,16,000. 60 என்றால் 30,24,000.

இங்கேதான் அண்ணன் டிரைவர் என்பது முக்கியமாகிறது. மருத்துவர் குழு காலுக்கு 40 சதவீத ஊனம் என்று சொல்லலாம். அது உடம்பின் கணக்கு. பிழைப்பின் கணக்கு வேறு என்று 2010இல் ராஜ் குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மேசை வேலை செய்பவருக்கு 40 சதவீதக் கால் ஊனம் பெரிய இழப்பாக இல்லாமல் போகலாம். நாளெல்லாம் வலது காலால் பிரேக் மிதித்து மலை இறங்குகிறவருக்கு அதே 40 பிழைப்பையே பறிக்கலாம். அதை மனுவில் எழுத வேண்டும், சாட்சியில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீதிபதி தானாக ஊகிக்க மாட்டார்.

இது போக ஆஸ்பத்திரிச் செலவு, படுத்திருந்த மாதங்களின் வருமானம், கூட இருந்தவர் செலவு, சத்தான உணவு, போக்குவரத்து, வலி வேதனை. ஒவ்வொரு மறுபரிசோதனைக்கும் குன்னூரிலிருந்து கோவைக்கு எடுக்கும் வண்டிக்கு ரசீது வாங்கி வையுங்கள்.

---

கேத்தி மல்லிகை
புதன், காலை 7.10

படித்துவிட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வேன் ஓனர் ஆள் கொடுத்த காகிதத்தை எடுத்து மடித்து அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டார்.

மூன்று சந்தேகம். அண்ணன் வருமான வரி கட்டியதில்லை. வருமானத்தை எதை வைத்துக் காட்டுவது? காருக்கு எங்கள் சொந்த இன்சூரன்ஸில் கிளைம் போட்டால் தப்பு எங்கள் மேல் என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமா? வார்டு வராந்தாவில் ஒருவர் வக்காலத்து ஃபாரம் நீட்டினார். வருவதில் நான்கில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறேன், முன்பணம் வேண்டாம் என்றார். வெற்றுத் தாளிலும் கையெழுத்துக் கேட்டார்.

---

ஓய்வுபெற்ற குமாஸ்தா
புதன், காலை 9.30

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே கூடாதம்மா. யார் கேட்டாலும். வழக்கில் வரும் பணத்தில் பங்கு பேசுவது வழக்கறிஞர் நடத்தை விதிகளிலேயே தடை செய்யப்பட்டது. கட்டணம் எவ்வளவு என்று எழுதிப் பேசிக்கொள்ளுங்கள். இழப்பீடு அண்ணனின் வங்கிக் கணக்குக்கே வர வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்க வழியில்லை என்றால் ஊட்டி நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு இலவச வக்கீல் தருவார்கள். 15100க்குப் போன் செய்தாலும் சொல்வார்கள். இலவசம் என்றால் ஏனோதானோ என்று நினைக்காதீர்கள். நல்ல இளம் வக்கீல்கள் அந்தப் பட்டியலில் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

---

மலைப்பாதை டிரைவர்
புதன், காலை 11.00

வருமானத்துக்கு நான் சொல்கிறேன். ட்ரிப் ஷீட், பெர்மிட், பேட்ஜ், லோன் தவணை தவறாமல் கட்டிய வங்கிப் பதிவு, ஜிபே வரவு. மாதம் 9,000 தவணை கட்டுகிறவன் 8,000 சம்பாதித்தான் என்று எவனும் சொல்ல முடியாது. வாடிக்கையாக அழைக்கும் காட்டேஜ்காரர் ஒருவர் சாட்சிக்கு வந்தால் இன்னும் நல்லது. எங்கள் ஸ்டாண்டில் ஒரு தம்பிக்கு இப்படித்தான் நின்றது.

சொந்த இன்சூரன்ஸில் கிளைம் போடுவது தப்பை ஒத்துக்கொள்வது ஆகாது. தாராளமாகப் போடுங்கள். ஆனால் இன்சூரன்ஸ் சர்வேயர் பார்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். கிரேன் ரசீது, கட்டி இழுத்த ரசீது எல்லாம் பத்திரம். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் பாலிசி) இல்லாத பாலிசி என்றால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் கிடைக்கும். ரிப்பேர் செலவு பாலிசியில் போட்ட வண்டி மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் முழு நஷ்டமாக எடுத்துக்கொள்வார்கள். இன்சூரன்ஸில் வராத மீதியை வேன் தரப்பில் கேட்கலாம்.

---

கோத்தகிரி வக்கீல்
புதன், மதியம் 2.15

இன்னும் இரண்டு விஷயம். ஓனர் டிரைவருக்கான 15 லட்சம் விபத்துக் காப்பீடு பாலிசியில் இருக்கும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். மரணம், கை கால் இழப்பு, நிரந்தர முழு ஊனம் ஆகியவற்றுக்குத்தான் அது. ராடு வைத்த காலுக்கு வராது.

வேன் டிரைவரின் லைசென்ஸ் வகை சரியில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனி ஆட்சேபிக்கலாம். கவலைப்படாதீர்கள். 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டியை இலகு ரக லைசென்ஸில் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்துவிட்டது. லைசென்ஸே இல்லை என்றாலும் முதலில் உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயம் சொல்ல முடியும்.

---

தேயிலைக்காடு
புதன், இரவு 9.25

இழைக்குள் இன்னொரு விஷயத்தை நுழைக்கிறேன், மன்னியுங்கள். எங்கள் பக்கம் எஸ்டேட் பெண்களைப் பிக்கப்பில் நிற்க வைத்து ஏற்றிப் போகிறார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிற ஆளுக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பாகாது. ஏறுகிறவர்களுக்கு இது தெரியாது. கவிழ்ந்தால் ஓனரைத்தான் பிடிக்க வேண்டும், அவரிடம் என்ன இருக்கும்? முதலாளி அனுப்பிய வேலைக்குப் போகும் வழி என்றால் தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தின் வழியில் போகலாம் (1923 சட்டம் இருந்த இடத்தில் 2025 நவம்பர் முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு). இரண்டு சட்டத்திலும் கேட்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் சித்தி பெயரும் அந்தப் பட்டியலில் உண்டு. வேறு இழை தொடங்குகிறேன். தெரிந்தவர்கள் அங்கே வாருங்கள்.

---

கேத்தி மல்லிகை
ஏழு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன், நடந்ததையும் எழுதுகிறேன்.

எஃப்.ஐ.ஆர். பதிவாயிற்று. முதலில் 125(ஏ) என்றுதான் இருந்தது. காயச் சான்றிதழைக் காட்டியதும் (பி) ஆக மாற்றினார்கள். தூக்கிப்போன புண்ணியவானைத் தேடிக் கண்டுபிடித்தேன். நல்லது செய்தவரைச் சாட்சிக்கு இழுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று வக்கீல் சொன்னதால் தயங்கித்தான் போனேன். அவரோ, "நான் சுவரைத்தான் பார்த்தேன், மோதினதைப் பார்க்கலை, அதை நானே எழுதித் தரேன்மா" என்று தானாகவே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். அவர் கையைப் பிடித்து அழுதுவிட்டேன்.

பழக்கடைக் கேமராவில் ஒன்றும் கிடைக்கவில்லை, அழிந்துவிட்டது. ஆனால் ஆய்வாளர் அறிக்கையில் பின் சக்கர லைனர் தேய்ந்து கருகியிருந்தது என்று இருக்கிறது. ஊட்டியில் மனு நம்பர் ஆகிவிட்டது. சட்டப் பணிகள் ஆணைக்குழு கொடுத்த வக்கீல் அம்மாதான் நடத்துகிறார்.

அண்ணன் இப்போது வாக்கர் வைத்து வாசல் வரை வருகிறார். நேற்று நிறுத்தி வைத்திருந்த தம்பியின் காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார். பிரேக்கை மிதித்தார். பாதம் பாதி தூரத்தில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பாமலே இறங்கிவிட்டார்.

மருத்துவர் குழுவுக்குத் தேதி வரும் என்றிருக்கிறார்கள். அதற்கு என்ன எடுத்துப் போக வேண்டும்?

---

ஓய்வுபெற்ற குமாஸ்தா
ஞாயிறு, மாலை 6.05

முதல் நாள் எக்ஸ்ரேயிலிருந்து கடைசி எக்ஸ்ரே வரை, தேதி வரிசையில். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு. ஒரிஜினல் பில் எதையும் வேறு காப்பீட்டுக்குக் கொடுத்திருந்தால் முத்திரை வைத்த நகல். லைசென்ஸையும் பேட்ஜையும் கட்டாயம் எடுத்துப் போங்கள். குழுவில் யாராவது என்ன தொழில் என்று கேட்டால் அண்ணனே சொல்லட்டும்: பர்லியார் ரோட்டில் டாக்ஸி ஓட்டுகிறேன், நேற்று பிரேக்கை மிதித்தேன், பாதி தூரத்துக்கு மேல் கால் போகவில்லை என்று. நீங்கள் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டாம்.